பக்கத்தில் நின்றவள்

கட்டிய புருஷன் தன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று ஒரு பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? அடித்தால் காயத்தைக் காட்டலாம். குடித்தால் ஊரே பார்க்கும். சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லாமல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளை மட்டும் தூண் என்று நினைத்துக் கடந்துபோகிறவனைப் பற்றி என்ன புகார் சொல்ல முடியும்?

அதனால் பொன்னாத்தாள் இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுநாள்தான், சின்னமனூரிலிருக்கும் அண்ணன் சீனிச்சாமிக்கு ஆள் விட்டாள். வண்டி கட்டிக்கொண்டு வரவேண்டும். தானும் மகள் மாயக்காளும் வந்துவிடுகிறோம். திரும்பி வருகிற யோசனை இல்லை. இவ்வளவுதான் சேதி.

அவள் வாழ்க்கைப்பட்டது போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த குடும்பத்தில். போடிக்கு ரயில் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. வியாபாரம் நன்றாக நடந்த காலம். வீட்டின் முன்கட்டுதான் மண்டி. மலையிலிருந்து வந்த காய் குவியல் குவியலாகக் கிடக்கும். பெண்கள் உட்கார்ந்து புடைப்பார்கள். புருஷன் சுருளிவேலின் கண்ணைப் பற்றிக் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஒரு கை ஏலக்காயை உள்ளங்கையில் பரப்பினால், அதில் பச்சை வெளுத்த ஒரே காயை அவன் விரல் போய் எடுத்துவிடும். அவன் சொன்ன தரத்துக்கு மறுபேச்சு கிடையாது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். பெரியவர்கள் நடமாடும் இடத்தில் மருமகள் புருஷனுக்கு எதிரே போய் நிற்கக் கூடாது. வாய்விட்டுக் கூப்பிடவும் கூடாது. மோர் கொண்டு வந்தாலும் சேதி சொல்ல வந்தாலும், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, அவனாகத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். வளையலைக் குலுக்கிக் காட்டுவதுகூட மட்டமான காரியம் என்று மாமியார் மொக்கம்மாள் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள்.

கல்யாணமான புதிதில் பொன்னாத்தாளுக்கு அந்த வழக்கமே ஒரு விளையாட்டாக இருந்தது. அவள் வந்து நின்ற மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும். தலையைத் திருப்ப மாட்டான், வியாபாரிகளோடு பேசிக்கொண்டேயிருப்பான். கடைக்கண் மட்டும் ஒரு முறை இவள் பக்கம் வந்து போகும். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்துகொள்ளும். மண்டி நிறைய ஆட்கள் இருக்க, அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு அது. அந்த ஒரு பார்வைக்காகவே நாளில் நாலு முறை மோர் கொண்டு போயிருக்கிறாள்.

மாயக்காள் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகு அது குறைந்தது. பிறகு நின்றே போனது. இவள் நிற்பாள், நிற்பாள், கால் மரத்துப்போகும். அவன் திரும்பமாட்டான். டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். இரவில் விளக்கைத் தணித்த பிறகு வந்து ஒரு வார்த்தை பேசாமல் படுத்துக்கொள்வான். எத்தனை நாள் பொறுப்பது? இவளும் பிள்ளையைச் சாக்கிட்டு மாமியார் அறையில் படுக்கப் போய்விட்டாள்.

கடைத்தெருவிலும் பேச்சு மாறியிருந்தது. கும்பிடு போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, சுருளிவேலுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். வீட்டுக்குள் சொம்பை உதைத்துக்கொண்டு நடப்பான், முறத்தை மிதிப்பான். "காசு வந்தா காலு தரையில பாவாது போல" என்று புடைக்கிற பாண்டியம்மாள் முணுமுணுத்ததை இவளே கேட்டிருக்கிறாள்.

திருவிழாவில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பிறந்த வீட்டாரோடு கோயில் போகும் பாதையில் நின்றிருந்தாள். மேளம் காதைக் கிழித்தது. சிநேகிதர்களோடு சுருளிவேல் வந்தான். இடுப்பிலிருந்த மாயக்காள் "அப்பா" என்று கையை நீட்டினாள். அந்தக் கை அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவன் நேரே பார்த்தபடி போய்விட்டான்.

அண்ணி சிரித்துவிட்டாள். "உங்க வீட்டுக்காரரு வானத்துல என்னத்தத் தேடிக்கிட்டுப் போறாக?"

பிள்ளை அழுதது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் ஒரு நாள்கூட அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று பொன்னாத்தாள் முடிவு செய்தது அப்போதுதான்.

சீனிச்சாமி நள்ளிரவிலேயே கிளம்பி, வெயில் ஏறும்முன் வந்துவிட்டார். வாசலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டினார். பொன்னாத்தாள் தகரப் பெட்டியை நடையில் கொண்டுவந்து வைத்திருந்தாள். மொக்கம்மாள் பெட்டியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மண்டியிலிருந்து சுருளிவேல் இறங்கி வந்தான். "வாங்க மச்சான். என்ன இம்புட்டுக் காலையில?" என்றபடியே மாடுகளுக்கும் சுவருக்கும் நடுவே வந்து நின்றான்.

இடது பக்கத்து மாட்டின் கழுத்தில் உண்ணி கடித்ததோ என்னவோ, அது தலையைச் சட்டென்று உதறித் திருப்பியது. கொம்பு சுருளிவேலின் நெற்றிப் பொட்டை உரசுகிற மாதிரி வந்தது. "மாப்ள" என்று சீனிச்சாமி கத்தினார். கொம்பின் நுனி அவன் காதோர முடியை அசைத்துவிட்டுத் திரும்பிப் போனது.

அவன் கண் இமைக்கவில்லை.

"என்ன மச்சான், ஏன் கத்துறீக?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

பொன்னாத்தாளின் அவமானமும் கோபமும் எங்கே போயின என்று தெரியவில்லை. கைக்குழந்தைகூட முகத்துக்கு நேரே ஒன்று வந்தால் கண்ணை மூடும். தைரியசாலியானாலும் தலைக்கனம் பிடித்தவனானாலும் இமை தானாகவே மூடிக்கொள்ளும். இந்த மனிதன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

அவள் நடையிலிருந்து இறங்கினாள். வளையல்கள் சத்தம் போடாதபடி ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புருஷனின் இடப்பக்கம் போய் நின்றாள். அண்ணன் ஏதோ கேட்க வாயெடுத்தார். வேண்டாம் என்று தலையசைத்தாள். கையைத் தூக்கி, அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் விரல்களை ஆட்டினாள். அவன் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கையை இன்னும் முன்னால் கொண்டுபோனாள். மலையில் இந்த வருஷம் காய் நன்றாக இருக்கும் என்றான். விரல் நுனி அவன் மூக்குக்கு நேராக வந்தபோதுதான் பேச்சை நிறுத்தித் திரும்பினான்.

"அட, நீ எப்ப வந்த?"

வலது பக்கமும் போய் அப்படியே செய்து பார்க்கத் தோன்றியது. பயமாக இருந்தது. செய்யவில்லை.

"அண்ணே, சின்னமனூருக்கு இல்ல. வண்டிய ரயிலடிக்கு விடுங்க" என்றாள். "இவுகள மதுரைக்குக் கண்ணு டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போகணும்."

மொக்கம்மாள் இதைக் கேட்டதும் வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏத்தா, உனக்கென்ன பித்தா? குவியலுக்குள்ள ஒரு சொத்தைய எடுக்குறவனுக்குக் கண்ணு தெரியலையாம்."

"தெரியுதுன்னா நல்லதுதான் அத்தை. பாத்துட்டு வந்துருவோம்."

"நானும் வாறேன். டாக்டரு என்ன சொல்றாருன்னு நான் கேக்கணும்ல."

சுருளிவேல் முதலில் சிரித்தான், அப்புறம் சிணுங்கினான். காலையில் பேப்பர் முழுக்கப் படித்தேனே என்றான். ஆனால் மாட்டுக் கொம்பு தன் காதை உரசியதை மச்சான் சொன்னதும், கையைத் தூக்கிக் காதோரத்தைத் தடவிப் பார்த்தான். அதன்பின் வண்டியில் ஏறினான்.

மதுரையில் கண் டாக்டரின் அறையில் பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடிகிற பலகை ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு சுருளிவேல் அதைக் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தான்.

"பாத்தியாத்தா?" என்று மொக்கம்மாள் மருமகளின் விலாவில் இடித்தாள். "கடைசி வரிய எறும்புதான் படிக்கணும். எம்மகன் படிச்சிட்டான். ரயில் ஏத்திக் கூட்டிட்டு வந்துட்ட பாரு."

பொன்னாத்தாளுக்கும் ஒரு கணம் மூச்சு வந்தது. தப்பாக நினைத்துவிட்டோம், அவன் வேண்டுமென்றேதான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படி ஓர் எண்ணத்தில் நிம்மதி இருக்க முடியும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர். அவசரமில்லாமல் எழுந்து வந்து சுருளிவேலின் வலது கண்ணைத் தம் கையால் மூடினார். "நேரா என் மூக்கைப் பாருங்க. பக்கத்துல என் விரல் வரும். தெரிஞ்சதும் சொல்லுங்க."

விரல் காதருகில் கிளம்பியது. கன்னத்தைத் தாண்டியது. அறையில் எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருளிவேல் காத்துக்கொண்டிருந்தான். விரல் அவன் மூக்கைத் தாண்டி அந்தப் பக்கமும் போனது.

"ரெண்டு கண்ணையும் பொத்தியிருக்கீகளே, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டான்.

சீனிச்சாமி மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வலது கண்ணிலும் அப்படியே பார்த்தார்கள். அதில் விரல் மூக்குக்கு அருகே வந்ததும் "தெரியுது" என்றான். டாக்டர் இமைகளை மூடச் சொல்லி மேலிருந்து மெல்ல அமுக்கிப் பார்த்தார். இருட்டறைக்குள் கூட்டிப்போய் விளக்கு வைத்த கண்ணாடியால் உள்ளே பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இடது கண்ணு போயிடுச்சு. வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். வலது கண்ணுல நடுவுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. மூங்கில் குழாய் வழியாப் பாக்கிற மாதிரி. அதை வச்சுத்தான் பேப்பரும் படிக்கிறார், ஏலக்காயும் பாக்கிறார்."

"அதெப்படிங்க?" என்றார் சீனிச்சாமி. "மாப்ளைக்கு வலின்னு ஒரு நா கிடையாதே."

"வலிக்காது. அதுதான் இந்த நோவோட குணம். கண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி சரியா வடியாம அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு கொஞ்சங்கொஞ்சமாச் சாகும். ஓரத்துல தொடங்கி நடுவுக்கு வரும். ஒரு கண்ணு விடுறதை இன்னொரு கண்ணு ஈடு கட்டிக்கிட்டே இருக்கும். ஆளுக்குத் தெரியவே தெரியாது. நடுவுல இருக்கிறதும் போகும்போதுதான் ஓடி வருவாங்க. அப்ப நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"போனது வருமா?" பொன்னாத்தாள் கேட்டாள். வெளி மனிதரிடம் அவள் நேரே பேசியது அதுதான் முதல் தடவை.

"வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தலாம். வலது கண்ணுல சின்னதா ஒரு ஆபரேஷன். தண்ணி வடிய வழி பண்றது. அப்புறம் மருந்து, ஆயுசுக்கும். நல்லா இருக்குன்னு தோணினாலும் வந்து காட்டணும். ஆமா, இவங்க குடும்பத்துல யாருக்காவது கண்ணு போயிருக்கா?"

மொக்கம்மாள்தான் பதில் சொன்னாள். "அவுக அப்பாவுக்குப் போச்சுங்க. நாப்பது வயசுல. அது மலைப் புகை. காய் ஒணத்துற கொட்டகையிலயே கெடந்தாக. புகையில கண்ணு அவிஞ்சு போச்சு. எல்லாருக்கும் தெரியும்."

"கொட்டகையில வேலை பாத்த மத்தவங்களுக்கும் போச்சா?"

மொக்கம்மாள் யோசித்தாள். அவள் உதடுகள் பேர்களை ஒவ்வொன்றாக எண்ணுவது பொன்னாத்தாளுக்குத் தெரிந்தது. அந்தக் கொட்டகையில் வாழ்நாள் முழுதும் கிடந்த ஆட்கள். இன்றும் ஊசியில் நூல் கோர்க்கிறவர்கள்.

"இல்லைங்க" என்றாள்.

"புகை இல்லம்மா. இது ரத்தத்துல வர்றது. இவர் கூடப் பிறந்தவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. இடுப்புல இருக்கிற இந்தக் குழந்தை வளர வளர அதையும் காட்டிட்டே இருக்கணும்."

மொக்கம்மாள் நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அந்த மனுசன முதல்லயே இங்கன கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டாள். டாக்டர் மேசைமேல் இருந்த காகிதத்தை எடுத்துச் சரியாக வைத்தார். "சொல்லுங்க ஐயா" என்று மறுபடி கேட்டாள். "நாந்தான் அவுகளுக்குப் புகையில போன கண்ணு வராதுன்னு சொல்லிச் சொல்லி உக்கார வச்சிருந்தேன்."

பொன்னாத்தாள் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோள் எவ்வளவு சிறியது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆபரேஷன் வேண்டாம் என்று சுருளிவேல் பிடிவாதம் பிடித்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் அவனையும் பொன்னாத்தாளையும் விட்டுவிட்டு, மற்றவர்கள் குழந்தைக்குப் பால் வாங்கப் போயிருந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில் இருவரும் தனியாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அன்றுதான்.

"கண்ணுல கத்தி வச்சவன்னு தெரிஞ்சா மண்டிக்கு எவன் வருவான்?" என்றான். "எங்கண்ணுதான் எனக்கு மொதலு. மிச்சம் இருக்குறத வச்சுப் பொழச்சுக்குறேன்."

"மிச்சம் இருக்காதுன்னுதான டாக்டரு சொல்றாரு."

"அது என் பாடு. நீதான் பெட்டிய எடுத்து வச்சிட்டயே. நடையில பாத்தேன்."

பெட்டியைப் பார்த்திருக்கிறான், அது நேர் எதிரே இருந்தது. பொன்னாத்தாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு வருசமா நீங்க என் மூஞ்சியப் பாக்கல. வேற என்ன செய்வேன்?"

அவன் மெல்லத் திரும்பினான். அவன் முகத்தில் உண்மையான திகைப்பு இருந்தது.

"நானா? நீதான எங்கிட்ட வர்றதையே விட்டுட்ட. முன்னெல்லாம் சும்மா சும்மா மோரு கொண்டு வருவ. அப்புறம் நின்னு போச்சு. ஆத்தாதான் வச்சிட்டுப் போகும் போல, டம்ளரு தானா பக்கத்துல இருக்கும். படுக்கையையும் மாத்திக்கிட்ட. என்னையப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். கேட்டா என்ன பதிலு வருமோன்னு பயந்து கேக்கவே இல்ல."

பொன்னாத்தாளுக்கு இப்போதுதான் புரிந்தது. கால் மரத்துப்போக நின்ற அத்தனை பொழுதும், அவன் தன்னைத் தேடிக்கொண்டு அல்லவா உட்கார்ந்திருக்கிறான்? ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு இவள் அவனை வெறுத்தாள். ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் இவளுக்காக ஏங்கினான்.

"அந்த மோரு நான் வச்சது" என்றாள். "தினமும். பக்கத்துலயே நிப்பேன். உங்க சட்டையில ஏலக்கா வாசம் அடிக்கும், அம்புட்டுப் பக்கத்துல."

அவன் கையை நீட்டி, பெஞ்சின்மேல் தடவி, அவள் கையைக் கண்டுபிடித்தான்.

"வீரபாண்டியில?" என்று கேட்டான். "அங்கனயும் நின்னயா?"

"பிள்ள உங்களத் தொடப் பாத்துச்சு."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, இடது கண்ணிலிருந்தும்.

"நீங்க மண்டிக்காகன்னு வச்சுக்கோங்க, எதுக்காகன்னாலும் வச்சுக்கோங்க" என்றாள் பொன்னாத்தாள். "அந்த மூங்கிக் குழாயும் அடைச்சுப் போறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. கத்தி வைக்கட்டும். ஊரு பேசுனா பேசட்டும்."

"நீ ஊருக்குப் போகலையா?"

"கேக்குற கேள்வியப் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அந்த வாரமே நடந்தது. கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாட்களில், சுருளிவேலின் தம்பி சண்முகராஜ் போடியிலிருந்து வந்தான். இருபத்துநாலு வயது, பெண் பேசிக்கொண்டிருந்த நேரம். "மதினி, எனக்கெல்லாம் கழுகுக் கண்ணு. கண் ஆஸ்பத்திரில காட்டுனேன்னு பொண்ணு வீட்ல தெரிஞ்சா அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டு வாசலோடு திரும்பப் பார்த்தான். மொக்கம்மாள் அவன் சட்டையைப் பிடித்தாள். "ஏலே, உள்ள போடா" என்ற ஒரு வார்த்தைதான்.

டாக்டரின் விரல் வந்தபோதெல்லாம் அவன் காதருகிலேயே "தெரியுது" என்று சொன்னான். எல்லோரும் மூச்சு விட்டார்கள். டாக்டர் இமைமேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை, மறுபடியும் அமுக்கினார்.

"இவருக்கும் அழுத்தம் ஏற ஆரம்பிச்சிருக்கு. ஆனா பார்வை துளிகூடப் போகலை. இப்பவே மருந்து விட்டா, தவறாம வந்து காட்டினா, போகாமலே பாத்துக்கலாம்."

சண்முகராஜ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே டாக்டர்" என்றான் சின்னக் குரலில். அண்ணனும் ரயிலில் வரும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான்.

கட்டு அவிழ்த்த அன்று எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வலது கண் சிவந்து கலங்கியிருந்தது. போனது எதுவும் திரும்பி வரவில்லை. டாக்டர் முன்பே சொன்னதுதான். என்றாலும் பொன்னாத்தாள் உள்ளுக்குள் ஏதோ எதிர்பார்த்திருந்தாள். அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடுவதைப் பார்த்தபோது அது நொறுங்கியது. ஒரு சாவித் துவாரம் வழியாக அறையைப் பார்ப்பவன் மாதிரி, ஜன்னலைப் பார்த்தான், தாயாரைப் பார்த்தான், மச்சானின் மேல்துண்டைப் பார்த்தான். அப்புறம் இவளிடம் வந்து நின்றான். அங்கிருந்து நகரவில்லை. மாமியார் இருக்கிறாளே என்று கூசி அவள் ஒதுங்கப் பார்த்தாள். மொக்கம்மாள் அவள் முழங்கையைப் பிடித்து அங்கேயே நிறுத்தினாள்.

"சேலை புதுசா?" என்று கேட்டான் சுருளிவேல்.

பொன்னாத்தாள் குனிந்து தன் சேலையைப் பார்த்துக்கொண்டாள். துவைத்துத் துவைத்து ஓரம் வெளுத்திருந்தது.

"இல்லைங்க" என்றாள். "போன வருசத் தீவாளிக்கு நீங்க எடுத்துக் குடுத்தது."